கம்பெனி கேட் வரைக்கும்

ஆம்பூர் கடைத்தெருவில் மெதுவாக நடப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பின்னால் வருபவர் செருப்பை மிதிப்பார். பைக்கில் வருபவர் ஹாரனை அலறவிடுவார். அந்தத் தெருவில்தான் ஷர்மிளா அக்கா நத்தைக்கே பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

அவர் நிகழ்த்துகலைக் கலைஞர். அதாவது, பேச்சில்லாமல் உடம்பாலேயே கதை சொல்பவர். பக்கத்து வீட்டு கிறிஸ்டினாவிடம் முதலிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"ஷூ கம்பெனில உங்கம்மாவும் மத்தவங்களும் தோலுக்குப் பசை தடவி மடிக்கிறாங்கல்ல? அத செஞ்சுகிட்டே கேட் வரைக்கும் நடப்பேன். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்றப்ப அவங்க பார்க்கணும். நடுவுல நான் நிக்க மாட்டேன், பேசவும் மாட்டேன். யாராவது பிடிச்சு நிறுத்திட்டா அவ்ளோதான், மாசக்கணக்கா பழகினது வீண்."

"நான் பார்த்துக்குறேங்க்கா" என்றாள் ஐந்தாம் வகுப்பு கிறிஸ்டினா, பெரிய மனுஷி மாதிரி.

அக்காவின் கால் எழுந்தது. காற்றில் நின்றது. பிறகு தரையைத் தொட்டது. கைகள் காற்றில் எதையோ தடவி மடித்தன. பிரியாணிக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாச்சு இந்தப் பொண்ணுக்கு?"

"வெயில் ஜாஸ்தி. மயக்கம் போல."

ஒருவர் சோடாவோடு ஓடிவந்தார். ஷேர் ஆட்டோ ரஃபி அகமது வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். "ஏறும்மா, ஆஸ்பத்திரில விட்டுர்றேன். காசு வேணாம்!" என்று கையை நீட்டினார். நல்ல மனிதர். அதுதான் ஆபத்தாக இருந்தது.

கிறிஸ்டினா நடுவில் பாய்ந்தாள். "தொடாதீங்கண்ணா! அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. இது கலை!"

"ஆடவும் காணோம், பாடவும் காணோம். வெளாடாத பாப்பா, வழிய விடு."

கிறிஸ்டினாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அண்ணா, ஸ்லோ சைக்கிள் ரேஸ் ஓட்டியிருக்கீங்களா?"

"இன்னா இப்படி கேட்டுட்ட? ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட்!"

"வேகமா ஓட்டுறது கஷ்டமா, மெதுவா ஓட்டுறதா?"

"மெதுவாதான். கால் ஊனாம பேலன்ஸ் பண்ணணுமே."

"அக்கா அத சைக்கிளே இல்லாம செய்றாங்க. நம்பலன்னா நீங்களும் கூடவே நடந்து பாருங்க."

ரஃபி சிரித்தபடி காலைத் தூக்கினார். இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார். சோடாக்காரர் தோளைப் பிடித்துத்தான் விழாமல் தப்பினார். தெருவே கொல்லென்று சிரித்தது. அக்காவின் கால் மட்டும் ஆடாமல் நின்றது.

"யப்பா, தொடையெல்லாம் நடுங்குது!"

ரஃபி ஆட்டோவில் ஏறி, அக்காவுக்குப் பின்னால் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். ஹாரன் அடித்தவர்களை, "பொறுங்கப்பா, அவசரம் இன்னா?" என்று அவரே அதட்டினார். கிறிஸ்டினா முன்னால் வழி விலக்கிக்கொண்டே போனாள்.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பெண்கள் வந்தார்கள். எதிரே ஷர்மிளா அக்கா. இல்லாத தோலை அவர் கைகள் எடுத்தன, தடவின, மடித்தன, அழுத்தின.

முன்னால் வந்தவர் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"ஏய், இது நம்ம வேலடி!"

கிறிஸ்டினாவின் அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "தெனமும் செய்றேன். இவ்ளோ அழகா இருக்கும்னு எனக்கே தெரியாதே, கிறிஸ்டி" என்றார். கிறிஸ்டினாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்கா கைகளைத் தாழ்த்தும் வரை ஒருவரும் ஏறவில்லை.