இறங்க ஒரு வெளிச்சம்

றோசலினின் தேநீரில் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின. வெளியே லொறி எதுவும் இல்லை. டொராண்டோவின் வடக்கே மூடிக்கிடந்த அந்தப் பழைய விமானத் தளத்தில், வேலையாட்கள் போனபின் காவலுக்கு அவள் ஒருத்திதான். நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டு. மூடுபனி காவலறைக் கண்ணாடியில் ஈரச்சேலை போல ஒட்டிக்கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பழைய காவலாளி யோசப் அண்ணை சொல்லிவைத்திருந்தார். "புகார் மூடி ஒண்டும் தெரியாட்டி, அந்தக் கம்பத்து லைற்றை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, தங்கச்சி." உலகப் போர் நாட்களில் இங்கே பறக்கப் பழகிய பையன்கள், கடல் கடந்து போய் இரவில் குண்டு போட்டுத் திரும்பும்போது, மூடுபனியில் தரை தெரியாமல் விழுந்து செத்தார்களாம்; இன்னும் இங்கே இறங்க ஒரு வெளிச்சம் தேடுகிறார்களாம். மனிசனுக்கு யாரையாவது வெருட்டாவிட்டால் பொழுது போகாது என்று அவள் அன்றைக்குச் சிரித்தாள்.

கைபேசி அடித்தது. அவளைக் கூட்டிப்போக வந்த மகள் நிரோஷினி. "கேற் தாண்டிட்டன் அம்மா. ஒண்டுமே தெரியேல்ல. உங்கட லைற்றைப் பாத்துத்தான் வாறன்."

அவள் பேசி முடிக்கும்போதே அது கேட்டது. முதலில் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு முனகல்; பிறகு தகரக் கூரை அதிர, கரண்டி கோப்பையில் கிணுகிணுக்க, எங்கிருந்தோ நனைந்த கம்பளியும் பெற்றோலும் மணக்க, தலைக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து வந்த எஞ்சின் இரைச்சல்.

பொம்மர்.

யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில், குண்டு போட வரும் விமானத்தின் அந்தச் சத்தம் கேட்டால் ஊரே விளக்கை அணைக்கும். அணைக்காத வீட்டைத்தான் அது தேடிவரும். எத்தனை வருடம் போனாலும் கை மறக்குமா? மனம் யோசிக்குமுன் கை சுவிட்சை அழுத்திவிட்டது.

கம்பத்து விளக்கு அணைந்தது.

அப்போதுதான் அவளுக்கு யோசப் அண்ணை சொன்னது நினைவுக்கு வந்தது. பதறிப்போய் மறுபடி அழுத்தினாள். எரியவில்லை. மறுபடியும். இல்லை.

அந்த வெளி முழுவதிலும் மிஞ்சியிருந்தது ஒரே வெளிச்சம். ஓடுபாதையில் ஊர்ந்துவந்த மகளின் கார் விளக்கு.

இரைச்சல் திரும்பியது. அதை நோக்கி.

வெளியே ஓடி, காரை நிறுத்து, விளக்கை அணை என்று கத்தினாள். மூடுபனி அவள் குரலை வாங்கிக்கொண்டது. தலைமயிரைக் கலைத்தபடி பெரிதாக ஒன்று கடந்து போனது. சத்தம் நின்றது. மோதவில்லை. வெடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கார் மெல்ல வந்து அவள் முன்னால் நின்றது.

நிரோஷினி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். புருவத்தில் வெண்பனி உறைந்திருந்தது. அவள் தோளில், தோலுறை போட்ட ஒரு கை. பின்சீட்டில் நெருக்கியடித்து, அந்தக் காலத்து விமானிகளின் தோல் தொப்பிகள். தொப்பிகளுக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் மூடுபனி.

"அம்மா," என்றாள் மகள், நேரே பார்த்தபடி. "ஏன் லைற்றை ஓஃப் பண்ணினனீங்கள் எண்டு இவையள் கேக்கினம்."

பின்கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்கி, அவளுக்கு இடம் விட்டார்கள்.