கழுவிய தேதி

சமையலறைக் குழாயைத் திருகியதும், தண்ணீருக்கு முன்னால் ஒரு முனகல் வந்தது. தொண்டைக்குள்ளேயே உருண்டு அடங்கும் முனகல். பிறகு தண்ணீர் வந்தது, காயாத துணியின் வாடையோடு.

அவர் சுவரில் தொங்கிய அட்டையை நிமிர்ந்து பார்த்தார். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிய தேதிகள், மாதத்துக்கு ஒன்று, அவர் கையெழுத்தில். கடைசி ஏழும் பொய். முழங்கால் மடங்க மறுத்த நாளிலிருந்து அவர் ஏணியைத் தொடவில்லை. பேனாவை மட்டும் தொட்டார்.

முப்பது வருடம் நகராட்சி வேலையில் ஊரார் தொட்டிகளைச் சோதித்து, அழுக்கானவற்றுக்குப் பூட்டுப் போட்டவர். தெருவில் 'தொட்டி ஆபீசர்' என்றால்தான் தெரியும். அறுவைச் சிகிச்சை முடிந்த மகளை, "நம்ம வீட்டுத் தண்ணி வேற எங்க கெடைக்கும்? இங்கயே இருந்து தேறட்டும்" என்று அழைத்து வந்ததும் அவர்தான். அந்தத் தண்ணீரில்தான் அவள் தையல் போட்ட வயிற்றைத் தினமும் கழுவினாள்.

தையல் சீழ்பிடித்து அவளை மறுபடி சேர்த்திருந்த மருத்துவமனையில், இன்று காலை டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி அசையலைங்க. ஊருக்குள்ள திரியுற பறவைங்க எச்சத்துலயும் இது இருக்கும். வீட்டுத் தண்ணியில எச்சம் விழ வழி இருக்கா?"

பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"எங்க வீட்டுலயா? மாசாமாசம் கழுவுறேன். அட்டையே இருக்கு."

"மாமா தொட்டியில தூசி விழுந்தா, தூசிக்கே நோட்டீஸ் அனுப்பிடுவாரு டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மகள் உதடு வெடித்துக் கிடந்தாள். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

இப்போது, வெயில் சாயும் நேரத்தில், முழங்காலை இரு கையாலும் தூக்கி வைத்து ஒவ்வொரு படியாக அவர் ஏணி ஏறினார். மேலே ஏற ஏற அந்த முனகல் கனத்தது. தொட்டியின் விளிம்பைச் சுற்றிப் புறாக்கள். அவரைப் பார்த்தும் ஒன்றுகூட எழவில்லை.

மூடி பாதி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. மீதிப் பாதியின்மேல் கூடு. தோல் மட்டும் போர்த்த இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருந்தன. தண்ணீரின்மேல் சாம்பல் நிறப் படலம். அதற்கு அடியில், ஒரு பெரிய புறா. சிறகு விரிந்து. ஊறி.

சிறகு அசைந்தது.

உயிர் இல்லை. தண்ணீர்தான் நகர்ந்தது. கீழே யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள்.

"மாமா!" மாப்பிள்ளையின் குரல். "குட்டி விழுந்து முட்டியச் சிராய்ச்சுக்கிட்டா. கழுவி விட்டுட்டிருக்கேன். தொட்டி சுத்தமாதானே இருக்கு?"

பேத்தியின் அழுகை கேட்டது. குழாய்ச் சத்தமும் கேட்டது.

சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தார்.

"சுத்தமா இருக்கு மாப்பிள்ளை."

தொட்டியின் அடியில், நீர் இறங்கும் துளையை நோக்கி, அந்தச் சிறகு மெல்லத் திரும்பியது. ஓர் இறகு கழன்றது. துளைக்குள் நுழைந்தது.

கீழே அழுகை நின்றது.