வெளியே போகும் படகு

வெட்டிய உருளைக்கிழங்கால் தேய்த்தபோது படத்திலிருந்து அழுக்கு வரவில்லை, சேறு வந்தது. வசந்தகாலச் சுத்தத்தின்போது வருஷா வருஷம் புருஷன் வீட்டு முந்நூறு வயதுப் படங்கள் இரண்டையும் ஃபென்னா இப்படித்தான் துடைப்பாள், அடுப்புக்கரிதான் வரும். இன்று கிழங்கில் ஒட்டியிருந்தது ஐசல் ஆற்றுச் சேறு, வெள்ளம் வடிந்த நிலத்தின் நாற்றத்தோடு. சுவரில் ஈரம் இறங்கியிருக்கும், வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள்.

சுவருக்குள் பதித்த அலமாரிக் கட்டிலின் இருபுறமும் அவற்றை மாட்டினாள். வலப்புறம் மாட்டியதில், கூனல் படகோட்டி இடப்பக்கம் நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். மற்றதில் அதே ஆறு, ஆளில்லாத துறை. கட்டில் கதவுக்குப் பின்னால் நான்கு வயது மகள் நேலி, வெள்ளைக் குல்லாவோடு, மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள்.

காபிக்கு வந்த நாத்தனார் திரைன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடியே, மாத்தி மாட்டிட்டியே! படகு கட்டில விட்டு வெளியதான் போகணும்னு உன் புருஷன் தலைதலையா அடிச்சுக்குவானே. இப்ப பாரு, நேரா புள்ளகிட்ட வருது."

"வரட்டுமே அண்ணி. காபிக்கு வர்றவங்களுக்குக் குடுக்கற நம்ம வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட் குடுத்து அனுப்பிடுவோம்."

இருவரும் சிரித்தார்கள். திரைன் போனதும், படங்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாமென்று ஃபென்னா தரையைத் தேய்க்கக் குனிந்தாள்.

ஜன்னலில் நல்ல வெயில். எங்கோ துடுப்புச் சத்தம் கேட்டது. ஆறு தெருக்கோடியில்தானே என்று விட்டுவிட்டாள். சத்தம் நெருங்கி, மரத்தோடு மரம் உரசி, கதவுக்குப் பின்னால் நேலி யாருக்கோ பதில் சொல்வதுபோல் முனகி, எல்லாம் ஒன்றாக நின்றது.

நிமிர்ந்தாள். வலப்புறப் படத்தில் படகு இல்லை.

கதவைத் திறந்தாள். மெத்தை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நேலி இல்லை.

இடப்புறப் படத்தில் படகு துறையைத் தொட்டிருந்தது. கூனனுக்கு எதிரே சின்ன வெள்ளைக் குல்லா.

"ஐயோ, என் தங்கமே!"

இரண்டு படங்களையும் பிடுங்கி இடம் மாற்றினாள். இப்போது துறை வலப்பக்கம். படகு இன்னும் இடப்பக்கம் போவதென்றால் மறுபடி கட்டில் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டத்தின் ஓரத்தில் பாதிப் படகு. பிறகு அதுவும் இல்லை.

கட்டிலுக்குள் பாய்ந்தாள். இருட்டில் இரு கைகளையும் நீட்டினாள். துடுப்புச் சத்தம். அந்த நாற்றம்.

"அம்மா." பக்கத்திலேயே.

குளிர்ந்த கை ஒன்று அவள் கையைப் பற்றியது. அழுகையும் சிரிப்புமாகக் கெட்டியாகப் பிடித்து இழுத்தாள்.

"வந்துட்டேன்டி கண்ணு. அம்மா விடமாட்டேன்."

"அம்மா." குரல் அதற்குள் இடப்பக்கம் தள்ளிப் போயிருந்தது.

அவள் கைக்குள் இருந்த கை இன்னும் இறுக்கியது. அது அவள் கையைவிடப் பெரியது.