வலப் பக்கம் தேயாத டயர்

மழை அப்போதுதான் நின்றிருந்தது. லஸ் முனையில் முத்துலட்சுமி டயர் ஸ்டோர்ஸ் வாசலில் அடுக்கியிருந்த டயர்களை ஜெயபாரதி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இளநீல வாயில் புடவை... அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டியிருந்தாள். அதற்குள் அந்தச் சத்தம் வந்தது.

மோட்டார் சைக்கிளா, ரோடு ரோலரா... திரும்பிப் பார்ப்பதற்குள் அது வாசலில் ஏறிவிட்டது. பின் சக்கரம் குட்டையில் ஒரு சுற்று வெறுமனே சுழன்று நின்றது. மட்கார்டு இல்லாத சக்கரம். குட்டையில் கிடந்த சேறெல்லாம் புடவைக்கு வந்து சேர்ந்தது. கன்னத்திலும் கொஞ்சம்.

"ஐயையோ... ஸாரிங்க..."

"மட்கார்டுன்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இருந்துச்சுங்க. கழட்டிட்டேன். சேத்துல ஓட்டினா மண்ணு அடைச்சுக்குது."

"இது லஸ் கார்னர். சேத்துல ஓட்டுறவங்க வேற பக்கம் போகணும்."

அவன் சிரித்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது... அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சட்டென்று துணியால் கன்னத்தைத் துடைத்தாள். டயர் துடைத்த துணி. இன்னும் கறுப்பானதுதான் மிச்சம்.

"என்ன வேணும்?"

"பின் டயர். நல்லா உழைக்கணும். ஆதம்பாக்கம் தாண்டி கல்குவாரியில குதிக்கிற வண்டி. ஐநூறு சி.சி... ராணுவ ஏலத்துல எடுத்தது. போன டயர் ஒரு மாசம்கூடத் தாங்கலை."

"குதிக்கிற வண்டியா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்தான். வடிவேலு என்று பெயர். "இன்னாம்மா, அண்ணனத் தெரியாதா? நெடுஞ்செழியன். கோடம்பாக்கத்துல எந்த ஹீரோ வண்டியில பறந்தாலும் அது அண்ணன்தான். மூஞ்சிதான் தெரியாது. முதுகு தெரியும்."

"முதுகு வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள் ஜெயபாரதி. அவன் மறுபடி சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"சரி, பழைய டயரைப் பாக்கணும்."

"அது எதுக்குங்க? புது டயர் வாங்க வந்தா பழசோட ஜாதகம் கேக்குறீங்க?"

"ஜாதகம் பாக்காம இந்தக் கடையில டயர் கிடையாது."

உண்மைதான். அது அவள் அப்பா அய்யாத்துரை வைத்த வழக்கம். தூத்துக்குடியிலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்து, பழைய டயரைக் கண்ணால் பார்க்காமல் அவர் புது டயர் விற்றதில்லை. ஆள் எப்படி ஓட்டுகிறான் என்று தெரியாமல் கொடுத்தால் அது கெட்ட பெயராகத் திரும்பி வரும் என்பது அவர் கட்சி. இப்போது இடுப்பு வலி அவரைக் குனிய விடுவதில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பாத்துச் சொல்லுட்டி" என்பார். குனிவதும் பார்ப்பதும் மகள். பார்த்ததை உள்ளே இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சொல்லி, அவளுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்றைக்கும் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தாள். மெதுவாகச் சுழற்றினாள். இடப் பக்கத்தில் பட்டன் பட்டனாகத் துருத்தி நிற்க வேண்டிய ரப்பர்க் கட்டிகளெல்லாம் கல்லில் அடிபட்டுப் பிய்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. வலப் பக்கம் கையை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். புது டயரில் முளைத்திருக்குமே, மெல்லிய ரப்பர் முடி... அதுகூட அங்கே அப்படியே இருந்தது.

"அப்பா, இடது பக்கம் முழுக்கப் போயிடுச்சு. வலது பக்கம் தொடவே இல்லை." அவனைப் பார்த்தாள். "நீங்க வலது பக்கம் சாயறதே இல்லையா? குதிச்சு இறங்கும்போதுகூட இடது பக்கமாவே இறங்குறீங்க. வலது கால்ல என்ன அடி?"

அந்தச் சிரிப்பு அணைந்தது. விளக்கை அணைத்த மாதிரி அல்ல... யாரோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போன மாதிரி.

வடிவேலு அவன் காலைப் பார்த்தான். "இன்னாண்ணே... கால் சரியாயிடுச்சுன்னு சொன்னியே? ஸ்டண்ட் மாஸ்டர்கிட்டயும் அப்டித்தானே சொல்லிக்கினு கீற?"

"வா, போலாம்."

"டயர்..." என்றாள் ஜெயபாரதி.

"வேணாங்க. உங்க கடையில டயரைவிட நாக்குதான் நல்லா உழைக்குது."

சேறு மறுபடி தெறித்தது. இந்தத் தடவை அவள் நகரவில்லை.

*

அதற்குப் பிறகு ஜெயபாரதிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

துடைத்த டயரையே துடைத்தாள். பஸ் நிறுத்தம் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். டிரான்ஸிஸ்டரைப் போட்டாள், அணைத்தாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்தாள். வந்தது பெரும்பாலும் லாரி.

'அவன் என்ன எனக்கு மாமனா மச்சானா? உள்ளதைத்தானே சொன்னேன்...' என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். 'உள்ளதை அவன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே?' என்று இன்னொரு குரல் கேட்டது.

ஒரு சாயங்காலம் வடிவேலு மட்டும் சைக்கிளில் வந்தான். அவன் முகம் வாடியிருந்தது.

"அண்ணனுக்கு அந்த ஜம்ப் போச்சும்மா."

"போச்சா?"

"குவாரியில பள்ளம் ஒண்ணு கீது. அதத் தாண்டுற ஸீன். கால் விசயத்த நான்தான் மாஸ்டர்கிட்ட சொன்னேன். போட்டுக் குடுக்கல... அண்ணன் கால் உடைஞ்சு கிடந்தப்போ ஆஸ்பத்திரியில கூட இருந்தவன் நானு. மறுபடி அப்டிப் பாக்க முடியாது. தை மாசம்தான் ஷூட்டிங். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் சாஞ்சு ஓட்டிக் காட்டினா அண்ணனுக்கே தர்றேன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. இல்லாட்டி இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

"கால் இன்னும் சேரலையா?"

"எலும்பு சேந்து வருஷம் ஆச்சுன்னு டாக்டர் சொல்றாரு. பயம்தாம்மா. அண்ணன் வாயால சொல்லாது."

ஜெயபாரதி எழுந்தாள். உள்ளிருந்து மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாக நிறுத்தினாள். முதலாவதன் பட்டன் உயரமாக, மெத்தென்று இருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினால் தடம் விழுந்தது. ஈர மண்ணை நன்றாகக் கவ்வும். கல்லில் நாலு தடவை குதித்தால் பிய்ந்துவிடும். அதைத் தள்ளினாள். இரண்டாவது கெட்டியான ரப்பர்தான். ஆனால் பக்கச் சுவர் மெலிசு. கூர்மையான கல் ஒன்று போதும். அதையும் தள்ளினாள். மூன்றாவதன் பட்டன்கள் குட்டையாக, நெருக்கமாக இருந்தன. நகம் இறங்கவில்லை. பக்கச் சுவரை இரண்டு கையாலும் மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"இதைக் கொடுங்க. வலது பக்கமும் இதை நம்பிச் சாயலாம்னு சொல்லுங்க. அப்புறம்..." குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு பக்கமும் தேஞ்சதும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க. எங்க கடை வழக்கம்."

வடிவேலு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். நாற்காலியிலிருந்து அய்யாத்துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி பாரதி."

"என்னப்பா?"

"சினிமாவுல குதிக்கிற பயலுக்கு டயர் குடுக்கலாம். டயர் மட்டுந்தான் குடுக்கலாம்."

அவள் தலைகுனிந்து தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கிய தரைதான்.

*

கார்த்திகை வந்தது. போனது. அவன் வரவில்லை.

அவர்கள் வீடு கோயிலைச் சுற்றியுள்ள நாலு மாட வீதிகளில் கிழக்கு வீதியில். விடியற்காலையில், கோயில் மணிக்கும் முன்னால், எங்கோ ஒரு வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் தொடங்கும்... நெருங்கும்... வீட்டு வாசலுக்கு வந்ததும் மெல்லத் தணியும்... பிறகு நகர்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே சத்தம்.

ஜெயபாரதி போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். 'போய்ப் பாரேன்...' என்று ஒரு மனசு. 'பால் வண்டியா இருக்கும். உனக்குத்தான் எதைக் கேட்டாலும் அவனாத் தெரியுதே' என்று இன்னொரு மனசு. போய்ப் பார்த்து அது பால் வண்டியாக இருந்துவிட்டால்? அந்தச் சத்தமும் இல்லாமல் போய்விடுமே... அவள் எழுந்திருக்கவே இல்லை.

"எவம்ல விடிய முன்னால உயிரை வாங்குதான்?" என்று அப்பா அடுத்த அறையில் புரண்டு படுப்பார்.

தை பிறந்தது. மாடுகளுக்குப் பூசிய வர்ணம்கூட அழியவில்லை. ஒரு மத்தியானம் கடை வாசலில் அந்த ரோடு ரோலர் சத்தம் நின்றது. இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தது. சேறு தெறிக்கவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே புத்தம் புது மட்கார்டு.

நெடுஞ்செழியன் இறங்கினான். அவளைப் பார்க்கவில்லை. நேரே அய்யாத்துரையிடம் போனான்.

"ஐயா, இந்த டயர் நல்லா உழைக்கும்னு சொன்னாங்க. உழைக்கலை."

அய்யாத்துரையின் புருவம் ஏறியது. கடை வைத்த காலத்திலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"எங்க கடை டயர் அப்படிச் சட்டுனு தேயாது தம்பி. ஏட்டி, பாத்துச் சொல்லு."

ஜெயபாரதி குனிந்தாள். சக்கரத்தைச் சுழற்றினாள். கை நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. இடப் பக்கம் கல்லில் அடிபட்ட வடு, அளவோடு. வலப் பக்கம் வேறு கதை. அங்கே பட்டன்கள் பிய்யவில்லை. வழவழவென்று, கறுப்பாக, தாரில் தேய்த்துத் தேய்த்துச் சீவிய மாதிரி இருந்தன. குவாரியில் தார் ரோடு கிடையாது. தார் ரோட்டில் வலப் பக்கம் மட்டும் தேய வேண்டுமென்றால், வலது திருப்பத்திலேயே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பித் திரும்பி... ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி...

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"என்னட்டி சொல்லுது?"

"தெரியலைப்பா."

டயரைப் பார்த்து அவள் சொன்ன முதல் பொய் அது. அவன் இப்போது அவளைப் பார்த்தான். நேராக.

"அன்னைக்கு ஊரே கேக்கச் சொன்னீங்களே. இன்னைக்கும் சொல்லுங்க."

"வேண்டாம்... அன்னைக்குச் சொன்னதுக்கே..."

"அன்னைக்குச் சொல்லலைன்னா நான் இன்னும் பயந்துக்கிட்டே ஓட்டிட்டு இருப்பேன். என்னைக்காவது பள்ளத்துல கிடந்திருப்பேன். சொல்லுங்க. இப்ப யார் கேட்டாலும் பரவாயில்லை."

அவள் டயரைப் பார்த்தபடியே சொன்னாள். உரக்கத்தான் சொன்னாள்.

"தார் ரோடு, அப்பா. எல்லாம் வலது திருப்பம். நாலு மாட வீதியும் சுத்தியிருக்காங்க... கோயிலைச் சுத்தற மாதிரி. நடுவுல பட்டன் சீவியிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு இடத்துல பிரேக் போட்டிருக்காங்க."

"எந்த இடத்துல?" என்றார் அய்யாத்துரை.

அவன்தான் சொன்னான்.

"உங்க வீட்டு வாசல்லங்க. வீடு எதுன்னு வடிவேலு விசாரிச்சுச் சொன்னான். வலது பக்கம் சாயணும்னா எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. சுத்தி வந்தா இவங்க வீடு வரும்னு நெனச்சேன்... சாய முடிஞ்சுது. கோலம் போட வருவாங்க, ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு பிரேக் போட்டேன். ஒரு நாள்கூட வரலை."

"நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள் ஜெயபாரதி. கண்ணில் நீர் முட்டியது. "தினமும் கேட்டேன்... நீங்களா இருக்காதுன்னு பயந்துட்டு எழுந்திருக்கலை. எனக்கும் பயம்தான். உங்களுக்குக் கால்ல. எனக்கு..."

அய்யாத்துரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, அந்தச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். குனிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. வலப் பக்கத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மகள் சரியாகத்தான் படித்திருந்தாள்.

"அந்தப் பள்ளம் என்னாச்சு?"

"முந்தாநாள் தாண்டிட்டேங்க. மாஸ்டர் நேரா இறங்கச் சொன்னாரு. நேராவே இறங்கினேன்."

அவர் சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுழற்றிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரும். வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாரும். வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திட்டு நடந்து வரணும். இத்தன நாளா இந்தச் சத்தத்துல தெருவுல ஒருத்தரும் உறங்கல," என்றார். மகள் கை கொடுக்க, நிமிர்ந்து, புது டயர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனார்.

இருவரும் சக்கரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் டயரையே பார்த்தார்கள்.

"படம் சித்திரைக்கு வருதுங்க," என்றான் நெடுஞ்செழியன். "உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ஆனா அந்த ஸீன்ல என் மூஞ்சி தெரியாது. முதுகுகூடத் தூசியில சரியாத் தெரியாது."

"பின் டயர் தெரியுமா?"

"தெரியும். குதிக்கும்போது அதுதான் திரை முழுக்க வரும்."

"அது போதும்..." என்றாள் ஜெயபாரதி. "வலது பக்கம் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."