சகனில் நாலாவது கை

ஹாலந்து நாட்டு நர்ஸ் ஹில்டா, 1987 ஆனி மாதத்தில் ஒரு நாள் உச்சிப்பொழுதில், தகரப் பெட்டியும் வேர்வையுமாக மூக்கண்டப்பள்ளியில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். சம்பளமில்லாத தொண்டு வேலை, இரண்டு வருடம். ஃபேக்டரி ஆட்களுக்கான டி.பி. மருந்து மையத்தில் அவளுக்கு ஒரே பொறுப்பு. இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிட்டு ஊருக்கு ஓடுகிறவர்களை ஓடாமல் பிடித்து வைக்க வேண்டும். பாதியில் விட்டவனுக்கு நோய் திரும்பி வந்தால் பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது.

அவளுக்குத் தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்த அக்பர் பாஷாவும் அந்த மையத்து நோயாளிதான். இன்னும் மூன்று மாத மருந்து பாக்கி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்தப் பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். அவன், மனைவி காத்தூன், காத்தூனின் தங்கை அதியா.

நோயாளி என்பதால் அவனுக்குத் தனித் தட்டு, தனி அறை. பெண்கள் மட்டும் இருட்டான உள்ளறையில், சகன் என்கிற அகலத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் கை பட்ட சோறா என்று ஹில்டாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பயிற்சியில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: கொடுப்பதைச் சாப்பிடு, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்காதே, எதற்கும் முகம் சுளிக்காதே. பாவம், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். சகனில் நாலு கை இருந்தது.

நாலாவது கை அவளுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. தண்ணீரில் ஊறிய தோல், வெளுத்து உப்பி, விரல் மடங்கும் இடமெல்லாம் வெடித்திருந்தது. மோதிர விரலில் நகமே இல்லை. அந்தக் குழியில் மஞ்சளாக ஏதோ கட்டியிருக்க, அது சோற்றிலும் ஒட்டியது. மழையில் நனைந்து மக்கிப்போன சாக்கின் நாற்றம். ஓரக்கண்ணில் முக்காடு போட்ட வெள்ளைத் துணி தெரிந்தது. யாரோ ஏழைச் சொந்தக்காரி, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோகிறாள் என்று ஹில்டா நினைத்தாள்.

பச், பச் என்று பிசையும் சத்தம். குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தது.

ஹில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். சாப்பிட்டதும் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படித்தான். அருவருப்புக்கு மேல் வெட்கம் அவளைத் தின்றது. ஒரு கிழவியின் கைக்குக் கூசினால் நீ என்னடி நர்ஸ் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஆட்டுக்கறி ஆக்கியிருந்தார்கள். கறித்துண்டோடு சேர்ந்து அந்தக் கையின் தோலும் ஒரு துண்டு உரிந்து, ஹில்டாவின் பக்கத்துச் சோற்றில் கிடந்தது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. காத்தூன் பக்கம் சாய்ந்து, தன் புத்தகத் தமிழில் மெல்லக் கேட்டாள்.

"காத்தூன், உங்கள் பெரியம்மாவின் கைக்கு நான் மருந்து போடலாமா?"

"எந்தப் பெரியம்மா?"

"நம்மோடு சாப்பிடுகிறாரே, இவர்."

காத்தூனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "ஹில்டாம்மா... அது உங்க ஆளுல்ல? தெனமும் உங்க பின்னாடியே தானே வாசல் ஏறி வருது? ஒங்க மையத்துல உள்ள சீக்காளி போலன்னு நெனச்சோம். விருந்தாளிய யாருன்னு கேக்கலாமா? நாங்களும் பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் தின்னோம்."

"ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்தேன் லாத்தா," என்று அதியா அக்காவிடம் முணுமுணுத்தாள்.

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

பாயில் யாரும் இல்லை.

சோற்றில் மட்டும் நாலு விரல் இழுத்த தடம் இருந்தது. அது இன்னும் நீண்டுகொண்டே போயிற்று.

அதியா போட்ட அலறலில் அக்பர் பாஷா ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் சட்டை துணிமணியை மூட்டை கட்டச் சொன்னான். ஹில்டா வாசலில் குறுக்கே நின்றாள்.

"மூன்று மாதம் அக்பர். இப்போது போனால் நீங்கள் இறந்துவிடுவீர்கள். உங்கள் ஊரில் இந்த மருந்து இல்லை."

"உசுருக்குப் பயந்து இந்த ஷைத்தான் கூட குடித்தனம் நடத்தச் சொல்றீங்களா?"

காத்தூன் புருஷனையும் பார்த்தாள், மூட்டையையும் பார்த்தாள். கடைசியில் அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். "சேந்து திங்கிறதாலதான அது வந்து ஒக்காருது? நாளையில இருந்து ஆளுக்கொரு தட்டு. அப்பயும் வந்துச்சுன்னா அன்னைக்கே பஸ் ஏறிருவோம் ஹில்டாம்மா. அப்பறம் எங்களத் தடுக்கக் கூடாது."

மறுநாள் மூன்று தட்டு வைத்தார்கள். கை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதியாவுக்குச் சிரிப்பு திரும்பியது. வீடு முழுக்கச் சாம்பிராணி மணந்தது. ஹில்டாவுக்கு இந்த நாட்டுக்கு வந்தபின் முதல்முறையாக நன்றாகப் பசித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தட்டில் கை வைத்தபோது மக்கிய சாக்கு நாற்றம் வந்தது. இந்த முறை அது பின்னாலிருந்து, அவளுடைய தோளுக்கு மேலாக வந்தது. ஈரமான மணிக்கட்டு அவள் கழுத்தை உரசிக்கொண்டு தட்டில் இறங்கியது.

எதிரில் காத்தூன் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காத்தூனின் கண்ணுக்கு இப்போது அந்தக் கை தெரியவில்லை.

கை சோற்றைப் பிசைந்தது. நிதானமாக உருட்டியது. உருண்டையை எடுத்து ஹில்டாவின் உதட்டருகே கொண்டுவந்து பிடித்தது.

உருண்டையில் அந்த நகக்குழியின் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவர்கள் மூன்று பேரும் சாயந்திர பஸ் ஏறிவிடுவார்கள். பக்கத்து அறையில் அக்பர் பாஷா மாத்திரை போடத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

சில்லென்ற விரல்கள் நாக்கு வரை உள்ளே வந்து, சோற்றை வைத்துவிட்டு, அவசரமில்லாமல் வெளியே போயின. அவள் மென்றாள். கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. விழுங்கினாள்.

"பரவால்லயே ஹில்டாம்மா," என்று காத்தூன் வாய்நிறையச் சிரித்தாள். "இப்பத்தான் எங்க சோறு ஒங்களுக்குப் பழகியிருக்கு. இன்னங் கொஞ்சம் வைக்கட்டா?"

ஹில்டா பதில் சொல்வதற்குள், அந்தக் கை அவள் தட்டை, இன்னும் வை என்பதுபோல, காத்தூன் பக்கம் நகர்த்தி வைத்தது.