முப்பத்தோராம் இலக்கத் தகடு

பெட்டிக்குக் கீழே விரித்திருந்த பத்திரிகைத் தாள் நொறுங்கியது.

புதிதாக மாற்றலாம் என்று கஜலட்சுமி ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது, மூன்று நாளைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அவள் விரல்களுக்கிடையில் அப்பளம் போல உடைந்தது. ஐப்பசி மழை. அம்பிட்டியவில் பதினொரு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜாடியில் உப்பு நீர்விட்டிருந்தது, தீக்குச்சி பற்றவில்லை, விறாந்தைக் கொடியில் தொங்கிய அப்பாவின் துணிகளில் புழுங்கல் வாடை பிடித்திருந்தது. வீட்டில் காய்ந்திருந்த ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

பழைய மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். எதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அப்பாவின் வலது கை விழுந்த காலையிலும், இரவு கையை மடக்கிப் படுத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்துக் கழித்த ஒரு மணி நேரத்தில் அவருடைய பேச்சும் போய்விட்டது. நான்கு மாதமாக ஒரு சொல் இல்லை. நடு அறைக் கட்டிலில் படுத்து, திறந்திருக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் மூடுவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அவரோட கைக்குத் தெரிஞ்ச சாமான் ஏதாவது குடுத்துப் பாருங்க" என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். சொன்ன அடுத்த வாரமே பெட்டி வந்தது.

கணேஸ் ஒரு லொறியில் கொண்டுவந்து இறக்கினார். ஹேவாஹெட்டவுக்கு மேலே, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக அப்பா இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் இளவயதில் வேலை பார்த்தவர். இப்போது அதை இடிக்கிறார்கள்.

"தேயில காய வைக்கிற டிரையருக்குப் பின்னால கெடந்துச்சு புள்ள. ஒங்கப்பா பெட்டி. பழைய இரும்புக்குப் போட மனசு வரல" என்றார். "பொண்டாட்டியக்கூட இப்புடிப் பாத்துக்கலேன்னு லயத்துல எல்லாரும் சிரிப்பாங்க."

"உள்ள வாங்க, அப்பாவைப் பாத்துட்டுப் போகலாம்."

"இன்னொரு நாளைக்கு" என்றார். மழையில் நனைந்தபடியே லொறியில் ஏறிக்கொண்டார்.

பெட்டியின் மூடி திறந்திருந்தது. விழாமலிருக்க ஒரு தேயிலைக் குச்சியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். கீல் வளைந்துவிடும் என்று கஜலட்சுமி முதல் வேலையாக அந்தக் குச்சியை எடுத்து அடுப்பில் வைத்தாள். மூடியைப் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

மாநகரசபை வேலையை விட்டதிலிருந்து பழைய தளபாடங்களைச் செப்பனிட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். அதனால் கை தானாகவே பெட்டியைத் தடவிப் பார்த்தது. இரண்டு முழ நீளம். மூடிக்கு அடியில் ஒரு மேல்தட்டு, அதற்குக் கீழே இழுத்துத் திறக்கும் ஏழு லாச்சிகள், அகலமானவை மூன்று, சிறியவை நான்கு. ஒவ்வொன்றின் உள்ளேயும் பச்சைக் கம்பளித் துணி. துணியில் ஒவ்வொரு கருவியும் முப்பத்தைந்து வருஷம் அசையாமல் கிடந்த பள்ளம். மைக்ரோமீட்டர், கூர்முனைக் கம்பிகள், தகடு தகடாக விரியும் இடைவெளி அளவி. எதிலும் துரு இல்லை. மலைநாட்டு ஈரத்தில் இருந்த இரும்பில் துரு இல்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: அப்பா பூசிய எண்ணெய்.

மூடியின் உட்பக்கத்தில் ஒரே வரிசையில் மூன்று ஆணிகள். நடு ஆணியில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. கறுத்துப்போயிருந்தது. அப்பாவின் அரைஞாணில் எப்போதும் கிடக்கும் தகட்டைப் போல ஒன்று. விரலால் தேய்த்தபோது இலக்கம் தெரிந்தது. முப்பத்தொன்று.

கறுத்த பித்தளையை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது அப்பாவிடமிருந்து வந்த குணம். வீட்டில் குத்துவிளக்கு, பூட்டு, கதவுப்பிடி, எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் பளபளக்க வேண்டும் அவருக்கு. தகட்டை ஆணியிலிருந்து கழற்றி, புளி கரைத்த தண்ணீரில் போட்டாள். வெளி மரத்துக்குப் பூச்சு அடிக்க வேண்டும், அது காய இரண்டு நாள் பெட்டி மூடியிருக்க வேண்டும். மூடியை இறக்கினாள்.

மூடியின் அளவுக்கு மீறிய சத்தம். ஒரு பெரிய இரும்புக் கதவு எங்கோ கீழே சாத்தியது போல அது நிலத்தின் வழியாகப் போயிற்று.

நடு அறையில் அப்பா கத்தினார்.

அவள் ஓடினாள். அப்பாவின் இடது கை கட்டில் விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தது. வாய் கோணி, கோணி, ஒரு சொல்லைத் தேடி, பிடித்து, வெளியே தள்ளியது.

"எ… டுக்காத."

நான்கு மாதத்தில் முதல் சொல். கஜலட்சுமி அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கஞ்சப்பய அப்பா. ஒங்க சாமான ஒண்ணையும் எடுக்கலப்பா. தொடைச்சுட்டு, இருந்த எடத்துல வச்சிருவேன்."

அவரும் அழுதார். சந்தோஷத்தில் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த நாள், அவள் செப்பனிட்ட சாமான்களை வாங்கும் ஹாஷிம் நானா கடையிலிருந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து பெட்டியின் மூலைகளைப் பார்த்தார்.

"இது இங்கத்த வேல இல்ல மகள். சீமையில செஞ்சது. ஓக் மரம். மூலையில ஆணி ஒண்டுமில்ல, பாருங்க, ரெண்டு கைவிரலக் கோத்த மாதிரி இருக்கி. தொண்ணூறு, நூறு வருஷம் சொல்லலாம்." மூடியின் மேல் கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார். "வெயில்ல வச்சீங்களா?"

"எங்க நானா வெயில்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மழை. பிறகு தலையைச் சாய்த்துப் பெட்டியை, ஏதோ கேட்பவர் போல, கொஞ்ச நேரம் பார்த்தார். "எலி கிலி உள்ள போய் மாட்டீட்டா? சொரண்டுற சத்தம் கேக்குது."

"கூரையிலதான் நானா. மழைன்னா வந்துடும்."

"ம்" என்றார். அவள் போட்டுவந்த தேநீரைக் குடிக்காமலே போனார்.

அவர் போன பிறகு அவளுக்கும் கேட்டது. கூரையில் இல்லை. தகரத்தை இரும்பால் வழிக்கும் சத்தம், நிதானமாக, சலிப்பில்லாமல், ஒரு ஆள் தன் வேலையைச் செய்யும் சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும், மூச்சு வாங்குவது போல, பிறகு தொடங்கும். அதோடு ஒரு வாசனை. சின்ன வயதில் தொழிற்சாலைப் பக்கம் போனால் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை, தேயிலை சூட்டில் வறளும் வாசனை, ஆனால் அதைத் தாண்டி, கருகும் இடத்துக்குப் போய்விட்ட ஒன்று. ஜன்னல்களைத் திறந்தாள். மழைக் காற்று உள்ளே வந்து, பெட்டி இருந்த மூலைக்குப் போய், சூடாகத் திரும்பி வந்தது.

அப்பாவின் உதடுகள் வெடித்திருந்தன. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் குடித்தார். தோல் காய்ந்து, தொட்டால் சரசரத்தது. காய்ச்சல் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

"உள்ள" என்றார். இரண்டாவது சொல். "உள்ள ஆள்."

"யாரும் இல்லப்பா. நான்தான்."

அவர் அவளைப் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. முட்டாளைப் பார்ப்பது போல இல்லை. தன்னையே பார்ப்பது போல.

மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்தரைக்குச் சத்தம் மாறியது. வழிப்பது நின்று, தட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும். பேசுவதற்கு விறாந்தையின் கோடியில்தான் போன் எடுக்கும். அவள் அங்கே போய் நின்று கணேஸைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பெட்டி மூடியில ஒரு தகடு தொங்கிச்சே, முப்பத்தொண்ணு. அது என்னண்ணே?"



"ஒங்கப்பா சொல்லலியா?"

"அவரு எதுவும் சொன்னதில்ல."

"டிரையருக்குள்ள தட்டு சொரண்ட எறங்குற ஆளு, தன் நம்பர் தகட்ட பிட்டர் பெட்டியில மாட்டிட்டுப் போகணும். வெளிய வந்து தன் கையாலதான் எடுக்கணும். வேற ஆளு தொடவே கூடாது. ஆணி காலியா இருந்தா ஒங்கப்பா மூடிய சாத்துவாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நாங்க காத்தாடியப் போட்டுச் சூட்ட விடுவோம்." அவர் குரல் இறங்கியது. "பெரிய தொர வர்ற அன்னிக்கு. பித்தளையெல்லாம் மினுங்கணும்னு ஒங்கப்பாதான் ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடைச்சாரு. அந்தத் தகட்டயும் தொடைச்சு, சட்டப் பையில போட்டுக்கிட்டு, மறந்துட்டாரு. நிமிந்து பாத்தா ஆணி காலி. சாத்திட்டாரு. உள்ள திருச்செல்வம் இருந்தான்."

மழை.

"அந்தாளு தட்டுனது காத்தாடி சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. கேட்டுருந்தா… அத வுடு. ஒங்கப்பா தகட்டத் திரும்ப மாட்டிட்டு, மூடியத் தெறந்தபடி வுட்டுட்டுப் போனாரு. முப்பத்தஞ்சு வருசமா நாங்களும் சாத்தல. அதான் குச்சி வச்சுக் கொண்டாந்தோம். நீ சாத்திடலியே, புள்ள?"

அவள் கை சட்டைப்பைக்குள் இருந்தது. புளியில் ஊறி, தேய்த்து, தங்கம் போல மினுங்கும் தகடு. நேற்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது. விரலைச் சுட்டது.

உள்ளே தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"அப்பா?"

நடு அறைக் கட்டில் காலி. போர்வை மடித்து, தலையணை மேல் வைக்கப்பட்டிருந்தது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர். வேலைக்குப் போகும் நாட்களில் மடிப்பது போல, நான்கு மூலையும் சேர்த்து மடித்திருந்தார்.

அவள் பெட்டியிடம் போனாள். மூடி கனத்தது. இரண்டு கையாலும் தூக்கினாள். சூடு முகத்தில் அடித்தது. நடு ஆணி காலி. அதன் பக்கத்து ஆணியில் ஒரு தகடு ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் மாட்டியது போல. நாலாம் இலக்கம். அப்பா தன் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அதைக் கழற்ற விடவில்லை.

மேல்தட்டு இருந்த இடத்தில் அடி தெரியவில்லை. இருட்டு. இருட்டுக்குள் இரும்புத் தட்டுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, போய்க்கொண்டே இருந்தன.

தேடப் போயிருக்கிறார். அன்றைக்குப் போகாததற்கு இன்றைக்கு.

மூடியை மட்டும் விடக்கூடாது. வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. மூடி திறந்திருக்கும் வரை யாரும் சூட்டை விட மாட்டார்கள். ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முப்பத்தொன்றை அதன் ஆணியில் மாட்டினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுவரில் சாயும் வரை அது போக மறுத்தது, முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கீழே காலடி. தகரத்தில். ஏறி வந்தது.

"அப்பா, இங்க. மேல. நான் புடிச்சிருக்கேன்."

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. வாடி, சுருண்டு, கறுத்த கொழுந்து போல ஒரு கை. அது ஆணிகளைத் தடவியது. முதல் ஆணி. அடுத்தது. நாலாம் இலக்கத்தைத் தொட்டு, விட்டது. தன்னுடைய முப்பத்தொன்றைத் தேடி எடுத்தது.

பிறகு அவளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். கழுத்தில் சூடு. கருகிய தேயிலை.

நாலாம் இலக்கத் தகடு அங்கேயே தொங்கியது.

ஆழத்திலிருந்து, கோணாத வாயிலிருந்து, தெளிவாக, அவள் நான்கு மாதம் காத்திருந்த குரல் வந்தது.

"கஜா."

அவள் தோள்களுக்கு மேலாக இரண்டு கைகள் நீண்டு, அவளுடைய கைகளுக்குப் பக்கத்தில் மூடியின் மேல் படிந்தன. அவசரமில்லாமல், வேலை தெரிந்த ஆள் செய்வது போல, அவை கீழே அழுத்தத் தொடங்கின.