அனிதாவின் 'நில்லுங்க'

ஞாயிற்றுக்கிழமை மதியம். நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறையின் மேல்மாடியில் இருந்த அலுவலகத்தைத் தனப்பிரியா தானே திறந்தாள். பட்டறை மூடியிருந்தும் ரப்பர் கருகிய வாடை படியேறி வந்திருந்தது.

லாரி ஓட்டுநர்களுக்கு வழி சொல்லும் செயலியைத் தயாரிக்கும் சின்ன நிறுவனம் அது. வழி சொல்வது அனிதாவின் குரல். தனப்பிரியாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. போன மாதம் அயோத்தியாப்பட்டணம் அருகே ஸ்கூட்டியோடு அடிபட்டு ரோட்டில் கிடந்தாள். வெகுநேரம் உயிர் இருந்ததாம். ஒரு வண்டியும் நிற்கவில்லை.

செயலியில் ஒரு எழுத்தை மாற்றினாலும், கணினி அவளுடைய எல்லாக் குரல் பதிவுகளையும் முதலிலிருந்து பதப்படுத்தி, மூட்டை கட்டி அனுப்ப அரை நாள் பிடிக்கும். 'பில்ட்' என்னும் அந்த வேலையை வேகமாக்கத்தான் தனப்பிரியா வந்திருந்தாள். மாறாத பதிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும்படியும், மாறியதை மட்டும் புதிதாகச் செய்யும்படியும் எழுதினாள். முடிந்ததும் யார் கையும் படாமல் ஓட்டுநர்களின் போனுக்குப் போய்விடும். இப்போதைக்கு அனுப்புவதை அணைத்துவிட்டுச் சோதனையாக ஓடவிட்டாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். மாறிய பதிவு: ஒன்று.

அதை யாரும் தொடவில்லையே? மறுபடி ஓடவிட்டாள்.

மறுபடியும் அதே ஒன்று. 'நில்லுங்க' என்ற பதிவு.

ஹெட்போனை மாட்டினாள். முதலில் தார் ரோட்டில் டயர்கள் உரசிப்போகும் சத்தம். பிறகு மூச்சு. ஈரமாக, இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"நில்லுங்க... உசுரு இருக்குதுங்க..."

அனிதா இப்படிப் பதிவு செய்ததே இல்லை.

அதை அழித்தாள். அழித்த பதிவு திரும்பி வந்தது; அணைத்துவைத்த அனுப்புதலோடு சேர்ந்து பில்ட் தானாக ஓடத் தொடங்கியது. கேபிளைப் பிடுங்குவதற்குள் எல்லாப் போனுக்கும் போய்விட்டது. பழைய பில்டாக இருந்திருந்தால் நிறுத்த நேரம் இருந்திருக்கும்.

லாரி ஓட்டும் அண்ணன் கதிர்வேல் அதே செயலியைப் போட்டுக்கொண்டு ஆத்தூரிலிருந்து மரவள்ளி லோடோடு வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்த ஆப்ப அணைச்சிருங்க!"

"இரு அம்மிணி. வண்டிய நிறுத்திட்டேன். ரோட்டுல ஒரு புள்ள அடிபட்டுக் கெடக்குது."

"எங்கண்ணா?"

"அயோத்தியாப்பட்டணம் வந்தாச்சு."

"எறங்காதீங்க! சொல்றதக் கேளுங்கண்ணா, எறங்காதீங்க!"

"என்ன பேச்சு இது? மூச்சு இருக்குது சாமி. உட்டுட்டு வரச் சொல்றியா?"

லாரிக் கதவு திறக்கும் சத்தம். தொண்டை கிழியக் கத்தினாள். போனில் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம், காதோடு வாய் வைத்தது போல ஒரு கிசுகிசுப்பு.

"தனா... உங்கண்ணன் நின்னுட்டாங்கடி."

லாரி ரோட்டோரத்தில் இன்ஜின் அணையாமல் நின்றது. கதிர்வேல் இல்லை. ஒரு துளி ரத்தம்கூட இல்லை. போலீஸ் தேடாத இடமில்லை.

முதலாளி நந்தகுமார் அனிதாவின் குரல் முழுவதையும் நீக்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார்.

"ஏனுங்க தனப்பிரியா, நீங்க பில்ட் ஓட்டுனீங்களா?"

"இல்லீங்களே."

"பதிவு ரெண்டு மாறியிருக்குதுன்னு காட்டுதுங்க." அவர் குரல் இறங்கியது. "ரெண்டாவது ஆம்பளக் குரலுங்க. அம்மிணி, அம்மிணின்னு கூப்புட்டுட்டே இருக்குதுங்க."